இலகுபடுத்தலும் இடைத்தரகரும்: கிரிப்டோ நாணய மாற்று குறித்த ஒரு வரலாற்று நோக்கு

தொழினுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக மட்டும் நோக்குதல் போதாது. ஒரு கருவி பாவனைக்கு இலகுவாகும்போது, அதனை இயக்கும் அதிகாரம் எவர் கைக்கு மாறுகின்றது என்பதையும் நாம் வினவுதல் வேண்டும். பிளொக்செயின் எனப்படும் பேரேட்டுச் சங்கிலிகளுக்கிடையிலான நாணய மாற்று இதற்குத் தக்க சான்றாகும்.

2009 இல் இயங்கத் தொடங்கிய பிட்கொயினும் 2015 இல் தொடங்கிய எதேரியமும் தனித்தனிப் பேரேடுகள். ஒன்றில் நிகழ்வதை மற்றையது தானாக அறியாது. ஆகவே, ஒன்றன் நாணயத்தைக் கொடுத்து வேறொன்றன் நாணயத்தைப் பெற விரும்பியோர் பொதுவாக மாற்று நிலையமொன்றிடம் தம் பணத்தை ஒப்படைத்தனர். இத்தகைய இடைத்தரகரை நீக்கும் வழியொன்றை, 2013 இல் ரியர் நோலன் என்ற பெயரில் எழுதியவர் முன்வைத்தார். இருவரும் தத்தம் நாணயத்தை ஒரே இரகசியத்தால் திறக்கும் பூட்டில் இடுவர். ஒருவர் இரகசியத்தை வெளிப்படுத்தித் தமக்குரியதைப் பெற்றதும், மற்றவரும் அதனைக்கொண்டே தமக்குரியதைப் பெறுவார். தவணை கடப்பின் பணம் உரியவரிடமே மீளும். லைற்கொயினை உருவாக்கிய சார்ளி லீ 2017 செப்ரெம்பரில் இம்முறையைச் செயலிற் காட்டினார். ஆயினும், இரு சங்கிலிகளிலும் கட்டணம் செலுத்தி இருவரும் காத்திருக்க வேண்டியிருந்தமையால் அது பரவலாகவில்லை.

அவ்விடத்தைப் 'பாலங்கள்' நிரப்பின. பயனாளரின் வேலை குறைந்தது. பூட்டிய பணத்தின் திறவுகோல்களோ வேறு சிலரிடம் சென்றன. ரொனின் பாலத்தில் அக்காலத்தில் ஒன்பது திறவுகோல்களுள் ஐந்து இசைந்தாற் பணம் வெளியேறக்கூடியதாயிருந்தது. 2021 நவம்பரில் பயனாளர் நெரிசலைச் சமாளிக்கும்பொருட்டு, ஓர் அமைப்பு தன் சார்பிற் கையொப்பமிடும் உரிமையை, ஏற்கெனவே நான்கு திறவுகோல்களை வைத்திருந்த நிறுவனத்துக்கு வழங்கியது. டிசெம்பரில் அத்தேவை முடிந்தபின்னும் அனுமதி நீக்கப்படவில்லை. 2022 மார்ச்சில் ஊடுருவியோர் ஐந்தையும் கைப்பற்றி, 500 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட பெறுமதியைக் கவர்ந்தனர். ஆறு நாள்களின் பின்னரே அது தெரியவந்தது. வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடே அதிகாரத்தை ஓரிடத்திற் குவித்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அண்மைக்கால முறைகளிற் பயனாளர் வேண்டிய முடிவை மட்டும் கூறிக் கையொப்பமிட, போட்டியிடும் முகவர்கள் தம் பணத்தை முன்னரே வழங்கிப் பின்னர் மீட்டுக்கொள்கின்றனர். இதற்கான பொது நியமமொன்று 2024 இல் முன்மொழியப்பட்டது. இது மெய்யான முன்னேற்றமே. எனினும், முகவர் சிலராகச் சுருங்கின் பழைய தரகே புதுப்பெயரில் மீளும். எனவே, இலகுவை வேலைப் படிகளின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் பொருந்தாது. மாற்று நிறைவேறாதவிடத்து, எவரின் அனுமதியுமின்றித் தம் பணத்தை மீளப்பெறப் பயனாளரால் இயலுமா என்பதே நாம் கொள்ளவேண்டிய அளவுகோலாகும்.