பெரியாற்றுப் பாளையத்தில் அன்றாட வாழ்க்கை

தேனியிலிருந்து தென்மேற்கே செல்லும் நெடுஞ்சாலை சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களைக் கடந்து குமுளி மலையின் அடிவாரத்தை அடைகின்றது. அங்கே, மலையேற்றம் தொடங்கும் இடத்தில், ‘லோயர் கேம்ப்’ என்று ஓர் ஊர் உள்ளது. வழியெல்லாம் தமிழ்ப் பெயர் தாங்கிய ஊர்கள் நிற்க, இந்த ஓர் ஊருக்கு மட்டும் ஆங்கிலப் பெயர் வாய்த்தது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை தேடுவதே என் பேச்சின் நோக்கம்.

படைகள் தங்கும் இடத்திற்குப் ‘பாளையம்’ என்பது பெயர். கம்பம் பள்ளத்தாக்கிலேயே உத்தமபாளையம் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. ‘லோயர் கேம்ப்’ என்பதைத் தமிழாக்கினால் ‘கீழ்ப்பாளையம்’ என்றாகும். கீழ்ப்பாளையம் என்று ஒன்று இருந்தால் மேலே ஒரு பாளையம் இருந்திருக்க வேண்டும் அல்லவா? ஆம், இருந்தது. 1887 முதல் 1895 வரை, பெரியாற்றின் கரையில், அடர்ந்த காட்டின் நடுவே, ஆயிரக்கணக்கான மக்கள் வந்து தங்கி உழைத்த பெரும் பாளையம் அது. ஆற்றைத் தடுத்து அணை எழுப்புவதற்கென்றே அது தோன்றியது. அணை எழுந்ததும் அது மறைந்தது.

மாணவ நண்பர்களே! அமெரிக்க நாட்டின் வரலாற்றைப் படிக்கும்பொழுது, காட்டைத் திருத்திக் குடியேறிய முதல் மக்களின் கதையை வியப்புடன் படிக்கின்றீர்கள். 1607-ஆம் ஆண்டு ஜேம்ஸ்டவுனில் வந்து இறங்கிய 104 பேரில், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் உயிரோடு இருந்தவர் ஏறத்தாழ 38 பேரே. சதுப்பு நிலமும் காய்ச்சலும் பசியும் ஏனையோரைக் கொண்டுபோயின. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடு, கையில் கோடரி, அடுப்பில் சோளக் கஞ்சி, இரவில் விலங்கச்சம் என்ற அவ்வாழ்க்கையைப் பற்றி அந்நாட்டார் எத்துணையோ நூல்கள் எழுதி வைத்துள்ளனர். அதற்கு ஒப்பான ஒரு வாழ்க்கை நம் வையை நாட்டின் எல்லையிலேயே நிகழ்ந்திருக்கின்றது. அதனை நாம் அறிந்தோமா?

மேற்கு மலையில் பெய்யும் பெருமழை பெரியாறாகப் பெருகி அரபிக் கடலில் வீணே கலக்க, கிழக்கே மதுரையும் இராமநாதபுரமும் மழையின்றி வாடுவது தொன்றுதொட்ட காட்சி. அந்நீரை மலைக்கு இப்பால் திருப்பலாம் என்ற எண்ணம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரச் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளைக்குத் தோன்றியது. 1808-இல் காப்டன் கால்டுவெல் அது கைகூடாதென்று தள்ளிவிட்டார். 1850-இல் சிறியதோர் அணைக்கான வேலை தொடங்கியது. ஆனால் அந்த இடத்தின் நோய் நிலையைச் சுட்டித் தொழிலாளர் கூடுதல் கூலி கேட்டனர், வேலை நின்றது. இச்செய்தியை நீங்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். காய்ச்சல் நிலத்தில் வாழ மனிதர் இசைவரா என்பதே அம்முறை பெருந்தடையாயிற்று. பிற்காலத்தில் எந்தப் பொறியாளர் அங்கே சென்றாலும், அவர் ஆற்றை அடக்குமுன் அங்கே மனித வாழ்க்கையை நிலைநாட்ட வேண்டியிருந்தது.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும் பஞ்சம் இத்திட்டத்தின் தேவையை அனைவர்க்கும் உணர்த்திற்று. 1882-இல் திட்டத்தைத் திருத்தி வகுக்கும் பொறுப்பு ஜான் பென்னிகுயிக் என்ற பொறியாளரிடம் ஒப்புவிக்கப்பட்டது. 1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் குத்தகை, காலம் 999 ஆண்டுகள். மறு ஆண்டிலேயே வேலை தொடங்கியது.

வேலை தொடங்கிய இடம் எத்தகையது? கடல் மட்டத்திற்கு மேல் மூவாயிரம் அடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். யானைகள் உலவும் காடு. அக்காலப் பொறியாளர் கண்ணுக்கு அது ஆளில்லாக் காடு. ஆனால் மன்னான், பளியர் ஆகிய பழங்குடி மக்களுக்கு அம்மலைகள் தாயகம். தேனும் கிழங்கும் எங்கே கிடைக்கும், யானை எவ்வழியே வரும் என்பதையெல்லாம் அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். அவர்கள் வழியினர் இன்று குமுளியை அடுத்த மன்னாக்குடியிலும் பளியக்குடியிலும் வாழ்கின்றனர். அமெரிக்க எல்லைப்புறத்திலும் ‘வெறுங்காடு’ என்று வந்தவர்கள் சொன்ன இடம் செவ்விந்தியர்க்கு வீடாக இருந்தது. இவ்விரண்டு வரலாறுகளையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்த்தல் நலம்.

இனிப் பாளையத்து வாழ்க்கையைக் காண்போம். அருகிலிருந்த இரயில் நிலையம் அம்மையநாயக்கனூர். இன்று கொடைக்கானல் ரோடு என்று வழங்குவது. அங்கிருந்து அணைக்கட்டும் இடம் ஏறத்தாழ 80 மைல் தொலைவு. இரும்புக் கருவியும் எந்திரமும் இரயிலில் வந்திறங்கி, மாட்டு வண்டிகளில் ஏறி, தேனி வழியாகப் பள்ளத்தாக்கின் நீளம் முழுவதையும் கடந்து மலையடிவாரத்தை அடையும். அடிவாரத்தில் பண்டங்களை இறக்கிச் சேர்த்து மேலே அனுப்பிய இடமே கீழ்ப்பாளையம். அங்கிருந்து மலைமேல் தேக்கடி வரை கம்பிவடப் பாதை அமைத்துச் சுமைகளைத் தொங்கவிட்டு ஏற்றினர். தேக்கடிக்கு அப்பாலும் காட்டினூடே பல மைல் செல்ல வேண்டும்.

காட்டில் உழவு இல்லை, சந்தை இல்லை. ஆகவே பாளையத்தார் உண்ட ஒவ்வொரு படி தானியமும், உப்பும் மிளகாயும், விளக்கெரிக்கும் எண்ணெயும் கீழிருந்து மேலே ஏறியாக வேண்டும். மழையில் சாலை சரிந்தால் வேலை நிற்பதோடு அடுப்பும் அணையும். அணையைப் பற்றிப் பேசுவோர் கல்லையும் சுண்ணாம்பையும் பேசுவர். அந்த வண்டிகளின் பின்னால், மழையிலும் சேற்றிலும் மாட்டின் வாலைப் பிடித்து நடந்த வண்டிக்காரரை நான் அணை கட்டியோர் வரிசையில் வைத்தே எண்ணுகின்றேன்.

பாளையத்தில் பல திறத்தாரும் இருந்தனர். சென்னைப் பயனியர் படையின் முதலாம், நான்காம் பட்டாளத்து வீரர்கள் வந்திருந்தனர். கொச்சியிலிருந்து போர்ச்சுக்கீசிய வழித் தச்சர்கள் வந்து, தற்காலிக அணைகளுக்கான மரவேலையைச் செய்தனர். கல்லுடைப்போர், கொத்தர், மண் சுமப்போர் எனக் கூலிக்கு உழைத்தோர் பெருந்தொகையினர்.

வேலையோ கடினமானது. சிமெண்டு இன்றுபோல் எளிதில் கிடைக்காத காலம். களிமண்ணைச் சுட்டுப் பொடித்துச் சுர்க்கி ஆக்குவர். சுண்ணாம்பையும் மணலையும் அதனோடு சேர்த்து அரைத்துக் காரை செய்வர். உடைத்த கல்லும் காரையும் சேர்ந்து அணையின் உடலாயின. ஒருபுறம் சூளை புகையும். ஒருபுறம் சம்மட்டி ஒலிக்கும். மற்றொருபுறம் மலையைத் துளைக்கும் வெடியோசை அதிரும். நீரைத் தமிழகத்தின் பக்கம் திருப்ப, மலையின் வயிற்றில் ஏறத்தாழ 5,700 அடி நீளச் சுரங்கம் குடைந்தனர்.

இத்துணை உழைத்தும் ஆற்றின் ஒரு வெள்ளம் எல்லாவற்றையும் அழிக்கும். அடித்தளம் கட்டுவதற்காக ஆற்றை ஒதுக்கி வைத்த தற்காலிக அணைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. பல திங்கள் உழைப்பு ஓரிரவில் போய்விடும். மறுநாள் காலையில் அதே மனிதர் அதே கூடையைத் தூக்கிக்கொண்டு அதே கரைக்கு வரவேண்டும். இதனை எண்ணும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கின்றது. வென்ற நாளில் காட்டும் வீரத்தினும் தோற்ற மறுநாள் காலையில் காட்டும் பொறுமை பெரிது.

வெள்ளத்தினும் கொடிய பகை காய்ச்சல். முறைக்காய்ச்சல் கண்டவர் குளிரால் நடுங்குவர், பின் அனலாய்க் கொதிப்பர், வியர்த்துத் தணிவர், ஒருநாள் விட்டு மீண்டும் நடுங்குவர். ஈர நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே இந்நோய்க்குக் காரணம் என்று அன்றைய உலகம் நம்பியது. ‘மலேரியா’ என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்பது பொருள். நோய்க்குக் கொயினா என்ற மருந்து இருந்தது. நோய் வரும் வழி மட்டும் தெரியவில்லை. குளிரையும் நோயையும் தாங்கச் சாராயம் துணைசெய்தது என்றும், அஃது இல்லாவிடின் அணையே முடிந்திராது என்றும் அக்காலத்தார் கருதினர். இது சாராயத்திற்குச் சூட்டிய புகழ்மாலை அன்று. அம்மக்கள் பட்ட துன்பத்தின் அளவுகோல் என்றே நான் கொள்கின்றேன்.

காய்ச்சலின் வழியை உலகம் அறிந்தது எப்பொழுது? 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள், செகந்தராபாத்தில், ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர் கொசுவின் வயிற்றில் அந்நோயின் கிருமியைக் கண்டார். பெரியாற்று அணை திறக்கப்பெற்றது 1895 அக்டோபரில். இரண்டே ஆண்டுகள்! பாளையத்து மக்கள் கெட்ட காற்றுக்கு அஞ்சினர். தேங்கிய குட்டையையும் கொசுவையும் அவர்கள் ஐயுறவில்லை. அறிவு ஒரு சிறிது காலம் தாழ்ந்து வருவதற்கு மனித உயிர் எத்துணை விலை கொடுக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அவ்விலை கணக்கிலும் இருக்கின்றது. கட்டுமானக் காலத்தில் நோயால் மாண்டு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டோர் 483 பேர் என்பர். அணைக்கு வடக்கே, காட்டினுள், அவர்களுடைய இடுகாடு உள்ளது.

இவ்விடத்தில் அமெரிக்கக் குடியேற்றத்திற்கும் நம் பாளையத்திற்கும் உள்ள பெரிய வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். 1862-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டப்படி, ஐந்தாண்டு தங்கி நிலத்தைப் பண்படுத்திய அமெரிக்கக் குடியானவருக்கு 160 ஏக்கர் சொந்தமாயிற்று. அவர் கட்டிய வீட்டில் அவர் பேரன் வாழ்ந்தான், பாட்டனின் கதையைச் சொன்னான், எழுதினான். பெரியாற்றுத் தொழிலாளிக்கு அந்த மண்ணில் ஓரடி நிலமும் உரிமையில்லை. கூலி பெற்றார், வேலை முடிந்ததும் கலைந்தார். அணை நிரம்பியபொழுது அவர் திரிந்த பள்ளத்தாக்கு ஏரியாயிற்று. கதை சொல்லப் பேரன் அங்கே இல்லை; காட்டுவதற்கு வீடும் இல்லை. ஆகவேதான் அவ்வாழ்க்கையை நாம் அறியாதிருக்கின்றோம்.

ஆனால் அவர் உழைப்பின் பயன் எங்கே சென்றது என்பது தெளிவாகத் தெரிகின்றது. சுரங்கத்தின் வழியே இறங்கிய நீர் வைரவனாற்றிலும் சுருளியாற்றிலும் கலந்து வையையை அடைந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளையும் நன்செய்யாக விளங்குகின்றது. மதுரைக்கு அப்பாலும் பெருநிலப் பரப்பு அந்நீரால் செழிக்கின்றது.

நன்றி மறவாத பள்ளத்தாக்கு மக்கள் பென்னிகுயிக்கைத் தெய்வம்போல் போற்றுகின்றனர். அவர் பிறந்த சனவரி 15-ஆம் நாளில் பாலார்பட்டி மக்கள் பொங்கலிட்டுக் கொண்டாடுகின்றனர். லோயர் கேம்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது. தம் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று அவர் அணையை முடித்தார் என்ற கதையும் வழங்குகின்றது. நன்றியுணர்விலிருந்து பிறந்த இத்தகைய கதைகளை இகழ்தல் கூடாது. ஆயினும் வரலாற்று மாணவர் அவற்றை ஆவணங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தே ஏற்க வேண்டும். பென்னிகுயிக்கின் பெருமை, கதையின் துணையின்றியே நிற்கத் தக்கது.

கல்லூரி மாணவரிடம் நான் கேட்பதுண்டு: ‘பெரியாற்று அணையைக் கட்டியவர் யார்?’ உடனே ஒரே பெயர் விடையாக வரும். அவ்விடை தவறன்று, குறைவுடையது. அப்பெயரோடு வண்டிக்காரரையும், கொச்சித் தச்சரையும், பயனியர் படை வீரரையும், காரை சுமந்தோரையும் சேர்த்துச் சொன்னாலன்றி அது நிறைவு பெறாது.

பணியில் பொறியாளராக இருந்த ஏ. டி. மெக்கன்சி, பெரியாற்றுத் திட்டத்தின் வரலாற்றை 1899-இல் நூலாக வெளியிட்டார். பொறியாளரின் கண்கொண்டு எழுதிய அந்நூல் நமக்குப் பெருந்துணை. தொழிலாளியின் கண்கொண்டு எழுத வேண்டிய பகுதியோ இன்னும் எஞ்சி நிற்கின்றது. அப்பணி உங்களுக்குரியது. கூடலூரிலும் கம்பத்திலும் சின்னமனூரிலும் முதியோர் பலர் தம் பாட்டன்மாரிடம் கேட்ட செய்திகளை இன்னும் நினைவில் வைத்திருக்கக் கூடும். விடுமுறை நாட்களில் அவர்கள் பக்கத்தில் அமருங்கள். வண்டி ஓட்டியவர் யார், மலைக்குப் போய்த் திரும்பாதவர் யார், கூலி என்ன, உண்டது என்ன என்று பொறுமையுடன் கேட்டு எழுதி வையுங்கள். கேட்டதைக் கேட்டவாறே எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் நாளையும் குறியுங்கள். பள்ளத்தாக்கில் நெல் அறுக்கும் ஒவ்வொரு பருவத்திலும் நாம் அம்மக்களின் உழைப்பை உண்கின்றோம். அவர்களைப் பற்றி நான்கு வரி அறிந்திருத்தல் நம் கடமையாகும்.