தோல் நிறம் பிரித்த தேசமும் தோளோடு தோள் சேர்த்த ஹஜ்ஜும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கா உலகிற்கெல்லாம் சுதந்திரத்தைப் போதித்துக்கொண்டிருந்தது. அதே வேளையில் அதன் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குப் பள்ளிக்கூடம் வேறு, பேருந்து இருக்கை வேறு, குடிநீர்க் குழாயும் வேறு. இது வெறும் வழக்கம் அன்று, சட்டம். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும் பல மாநிலங்கள் பணிய மறுத்தன. 1955 டிசம்பரில் மான்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். அந்நகரின் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர்.

வட மாநிலங்களிலும் நிம்மதி இல்லை. 1925-இல் ஒமாஹாவில் பிறந்த மால்கம், ஆறு வயதில் தந்தையை இழந்தார். வெள்ளை இனவெறியர்களே அவரைக் கொன்றனர் எனக் குடும்பத்தார் நம்பினர். தாய் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட, பிள்ளைகள் சிதறினர். திருட்டுக் குற்றத்திற்காக 1946-இல் சிறை சென்ற மால்கம், அங்கே 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத்தில் இணைந்தார். பெயரில் இஸ்லாம் இருந்ததே தவிர, தன் நிறுவனரையே இறைவனின் வடிவமாகக் கருதிய அவ்வியக்கம் தவ்ஹீதிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தது. வெள்ளையர் அனைவரும் பிசாசுகள் என்று அது போதித்தது. வெறுப்பில் வளர்ந்த இளைஞருக்கு அந்த வெறுப்பு நியாயமாகவே பட்டது.

1964 மார்ச்சில் அவ்வியக்கத்தை விட்டு வெளியேறிய அவர், அடுத்த மாதமே ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். அங்கே இஹ்ராம் உடையில் எல்லா நிறத்தவரும் ஒன்றாக நின்றனர். நீலக் கண்களும் வெண்ணிற மேனியும் கொண்ட முஸ்லிம்களுடன் ஒரே தட்டில் உண்டார். அவர்களுக்கு அருகில் உறங்கினார். ஒரே அணியில் தொழுதார். தம் பழைய முடிவுகளைக் கைவிட நேர்ந்ததை மக்காவிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். பல்லாயிரம் பேர் முன்னிலையில் முழங்கிய கருத்தைத் தவறென்று ஏற்பதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்!

இங்கே ஒன்றை நாம் மறக்கலாகாது. அவர் போராட்டத்தைக் கைவிடவில்லை. தாயகம் திரும்பி, அநீதியை முன்னைப் போலவே கடுமையாகச் சாடினார். ஆனால் ஓர் இனத்தையே குற்றவாளியாக்கும் வழக்கத்தை விட்டார். பகைமையைத் துறப்பது வேறு, நீதியைத் துறப்பது வேறு என்பதை அவர் வாழ்வு காட்டியது. 1965 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 39.

வெள்ளையருக்குக் கறுப்பரைவிடவோ, கறுப்பருக்கு வெள்ளையரைவிடவோ இறையச்சத்தைக் கொண்டன்றி எந்தச் சிறப்பும் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜில் அறிவித்தார்கள். அதைக் கேட்டு வளர்ந்த நாம், பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். ஆயினும் மகனுக்குப் பெண் பார்க்கப் போகையில் முதலில் கேட்பது இறையச்சத்தையா, நிறத்தையா? ஸலாம் கொடுத்து எழுந்த பின்பும் அந்த அணி நம் உள்ளத்தில் நிலைக்க அல்லாஹ் அருள் புரிவானாக.