ப்ளூடூத் யார் கையில? ஒரு வீட்டுப் பாட்டுச் சண்டையின் வரலாறு

இந்த எபிசோட் ஒரு கார் பயணத்துல ஆரம்பிக்குது.

போன தீபாவளிக்கு சென்னையில இருந்து கோவில்பட்டிக்கு கார்ல போனோம். நான் ஓட்டுறேன், அப்பா பக்கத்து சீட், அம்மா பின்னாடி. ப்ளூடூத்ல கனெக்ட் ஆகியிருக்கிறது என் போன். விழுப்புரம் தாண்டுற வரைக்கும் அனிருத் ஓடிக்கிட்டே இருந்தார். அப்பா மெதுவா, "தம்பி, ராஜா பாட்டு ஏதாச்சும் போடேன்"னார். போட்டேன். மூணாவது பாட்டு ஆரம்பிக்கும்போது, "தூக்கம் வருதுப்பா, ஓட்டணும்ல"ன்னு சொல்லி மாத்திட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

ஊர்ல நாலு நாள் இருந்துட்டுத் திரும்பி வரும்போது பார்த்தா, அவர் காதுல இயர்போன். அம்மா பின்னாடி அவங்க போன்ல சீரியல் பார்க்கிறாங்க. ஒரே காருக்குள்ள மூணு பேர், மூணு சத்தம். யாருக்கும் யார் மேலயும் கோபம் இல்ல. ஆனா எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

முதல்ல எனக்குத் தோணின கேள்வி ரொம்ப சிம்பிள். அப்பாவுக்கு ஏன் அந்தப் பாட்டு, எனக்கு ஏன் இந்தப் பாட்டு? இதுக்கு ஒரு பிரபலமான பதில் இருக்கு. 1989-ல மோரிஸ் ஹோல்ப்ரூக், ராபர்ட் ஷிண்ட்லர்னு ரெண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 16 வயசுல இருந்து 86 வயசு வரைக்கும் 108 பேரைக் கூப்பிட்டு, 1932-ல இருந்து 1986 வரைக்கும் வந்த 28 ஹிட் பாட்டுகளோட துண்டுகளைப் போட்டு மார்க் போடச் சொன்னாங்க. ஒவ்வொருத்தரும் அதிகமா மார்க் போட்டது, அவங்களுக்கு 23, 24 வயசு இருக்கும்போது ஹிட்டான பாட்டுகளுக்கு.

108 அமெரிக்கர்களை வச்சு உலகத்துக்கே ரூல் எழுத முடியாது, அது வேற விஷயம். ஆனா எங்க அப்பாவுக்கு 24 வயசு ஆனது 1987-ல. அந்த வருஷம் தமிழ்நாட்டுல யார் பாட்டு ஓடுச்சுன்னு நான் சொல்லவே வேண்டாம்.

சரி, முடிஞ்சது, எல்லாம் வயசுக் கோளாறுன்னு நானும் அதோட விட்டிருப்பேன். ஆனா ஒரு இடம் இடிக்குது. எனக்கு ராஜா பாட்டு தெரியும். இன்ட்ரோ ரெண்டு செகண்ட் கேட்டாலே பேர் சொல்லிடுவேன். நான் பிறந்தது 1997. அந்தப் பாட்டெல்லாம் வந்தப்ப நான் இந்த உலகத்துலயே இல்ல. அப்புறம் எப்படி?

இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். எங்க குடும்பத்தையே எடுத்துக்கிறேன்.

எங்க தாத்தாவோட அப்பா தியாகராஜ பாகவதர் பைத்தியமாம். டூரிங் டாக்கீஸ்ல படம் வந்தா மாட்டு வண்டி கட்டிக்கிட்டுப் போயிடுவாராம். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளியைப் பார்த்துச்சு. படம் ஓட ஆரம்பிச்சு ரெண்டே மாசத்துல லட்சுமிகாந்தன் கொலை வழக்குல பாகவதர் கைதாகிட்டார். விடுதலையாகி வெளிய வந்தது 1947-ல. அடுத்து அவர் எடுத்த 'ராஜமுக்தி' 1948-ல வந்து ஓடாம போச்சு.

குரல் மாறிடுச்சான்னா, பெருசா இல்ல. அவர் உள்ள இருந்த காலத்துல வெளிய சினிமா மாறிடுச்சு. நடிகரே பாடணும்ங்கிற கட்டாயம் போய், பின்னணிப் பாடகர்கள் வந்துட்டாங்க. வசனத்துக்குக் கைதட்டுற கூட்டம் வந்துருச்சு. வேடிக்கை என்னன்னா, அடுத்த தலைமுறையோட குரலா ஆன டி.எம். சௌந்தரராஜன் 1950-ல 'கிருஷ்ண விஜயம்' படத்துல பாட வந்தப்ப, கிட்டத்தட்ட பாகவதர் மாதிரியேதான் பாடினார். புதுசு வரும்போது பழசோட சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் வருது. பாகவதர் 1959-ல, 49 வயசுல இறந்துட்டார். எங்க பூட்டனார் அதுக்கப்புறம் சினிமாவுக்கே போகலைன்னு தாத்தா சொல்வார்.

இப்போ தாத்தா. அவருக்கு 18 வயசு ஆன 1952-லதான் இந்தக் கதையோட பெரிய சண்டை நடந்துச்சு. வீட்டுச் சண்டை இல்ல, அரசாங்கமே இறங்கின சண்டை.

அந்த வருஷம் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரா வந்தவர் பி.வி. கேஸ்கர். சாஸ்திரிய இசை மேல பெரிய பற்று உள்ளவர். சினிமாப் பாட்டு மேற்கத்திய சாயல்ல தரம் கெட்டுப் போகுது, மக்களோட ரசனையைக் கெடுக்குதுங்கிறது அவர் கட்சி. நாட்டுல ரேடியோன்னா அப்போ ஆல் இந்தியா ரேடியோ ஒண்ணுதான். அதுல சினிமாப் பாட்டுக்கான நேரத்தை வெட்டினாங்க. பாட்டு எந்தப் படம்னு சொன்னா அது விளம்பரம்னு சொல்லி, படப் பேரையும் நிறுத்தினாங்க. தயாரிப்பாளர்கள் கோபப்பட்டு, எங்க பாட்டே உங்களுக்கு இல்லன்னு உரிமையைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. கொஞ்ச மாசத்துல அரசு ரேடியோல சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட நின்னே போச்சு.

இதை ஒரு சிஸ்டமா பாருங்க. ஒரே ஒரு சர்வர். அட்மின் ஒரு வகை கன்டென்ட்டை பிளாக் பண்ணிட்டார். யூசர் என்ன செய்வான்? வேற சர்வருக்குப் போவான்.

அந்த வேற சர்வர் கொழும்புல இருந்துச்சு. ரெண்டாம் உலகப் போர்ல மவுண்ட்பேட்டனோட தென்கிழக்கு ஆசியப் படைக்காக இலங்கையில நிறுவின சக்தி வாய்ந்த டிரான்ஸ்மிட்டர், போர் முடிஞ்சதும் இலங்கை அரசுகிட்ட வந்துருச்சு. ரேடியோ சிலோன் அதுல வர்த்தக ஒலிபரப்பு நடத்துச்சு. 1952 டிசம்பர்ல அங்கதான் பினாக்கா கீத்மாலா ஆரம்பிச்சது. ஒரு டூத் பேஸ்ட் ஸ்பான்சர் பண்ணின இந்திப் பாட்டு நிகழ்ச்சி, வாரா வாரம் எது முந்துதுன்னு வரிசைப்படுத்திச் சொல்லும். தொகுத்து வழங்கின அமீன் சயானிக்கு அப்போ 20 வயசு கூட முடியல. கேஸ்கருக்கு 50 நெருங்கிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு பேர் வயசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா, எங்க கார்தான் எனக்கு ஞாபகம் வருது.

தமிழ்ல அதே வேலையை சிலோனோட தமிழ்ச் சேவை செஞ்சது. அங்க எஸ்.பி. மயில்வாகனம்னு ஒரு அறிவிப்பாளர். தாத்தா அவரைப் பத்திப் பேசுறப்ப சொந்தக்காரரைச் சொல்ற மாதிரி பேசுவார். ஒரு தடவை மேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். நேர்கோட்டுல கோவில்பட்டியில இருந்து சென்னை 500 கிலோமீட்டர். கொழும்பு 330 தான். தென் மாவட்டத்துல சிலோன் ரேடியோ உள்ளூர் ஸ்டேஷன் மாதிரி கேட்டதுல ஆச்சரியமே இல்ல.

ஆனா ரேடியோ எல்லார் வீட்டுலயும் இல்ல. விலையும் அதிகம், தபாலாபீஸ்ல லைசென்ஸும் கட்டணும். தாத்தா கேட்டதெல்லாம் டீக்கடையில. அந்த டீக்கடையில யார் பெஞ்சுல உட்கார்ந்து கேக்கலாம், யார் வெளிய நின்னு கேக்கணும்ங்கிறதுக்கும் ஒரு கணக்கு இருந்துச்சு. 'ஒரு தலைமுறையே கேட்டுச்சு'ன்னு ஈசியா சொல்லிடுறோம். எல்லாரும் ஒரே மாதிரி கேக்கல.

அப்பா பக்கத்துல, அதாவது எங்க பூட்டனார் பக்கத்துல, தாத்தாவுக்கு என்ன மரியாதை தெரியுமா? "டீக்கடைப் பாட்டு கேக்குற பய." பாகவதருக்காக வண்டி கட்டிக்கிட்டுப் போன அதே மனுஷன் சொன்னது இது.

டெல்லி தோத்துப் போச்சுன்னுதான் சொல்லணும். 1957 அக்டோபர் 3-ல ஆல் இந்தியா ரேடியோவே விவித் பாரதியைத் தொடங்கி சினிமாப் பாட்டைத் திரும்ப உள்ள கொண்டு வந்துச்சு. கேஸ்கர் அப்பவும் அமைச்சர்தான். ரசனையை மேல இருந்து திருத்த நினைச்ச அஞ்சு வருஷத்துல, ஒரு பக்கத்து நாட்டு ஸ்டேஷனுக்கு ஆயுள் சந்தா கட்டின ரசிகர்களை உருவாக்கிக் குடுத்ததுதான் மிச்சம். விவித் பாரதி வந்து பல வருஷம் கழிச்சும் எங்க தெருவுல காலையில சிலோனோட 'பொங்கும் பூம்புனல்' தான் ஓடுமாம்.

அடுத்து அப்பா. 1976-ல 'அன்னக்கிளி' வந்தப்ப அவருக்கு 13 வயசு. தாத்தாவுக்கு 42. அதுக்குள்ள தாத்தா விஸ்வநாதன்-ராமமூர்த்தி கட்சியில கெட்டியா உட்கார்ந்துட்டார். புதுசா வந்த இளையராஜாவைப் பத்தி அவர் சொன்னது, "கிராமத்துல கேக்குறதைத்தான் கேக்குறோமே, அதை எதுக்கு சினிமாவுல வேற?" கேஸ்கரும் பூட்டனாரும் வேற வேற வார்த்தையில சொன்னதோட மூணாவது வெர்ஷன்.

இந்தத் தடவை கைகுடுத்த மெஷின் கேசட். வளைகுடாவுக்குப் போனவங்க டூ-இன்-ஒன் கொண்டு வர, எண்பதுகள்ல ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் முளைச்சுது. உங்களுக்கு வேணும்ங்கிற பாட்டை ஒரு தாள்ல எழுதிக் குடுக்கணும். கடைக்காரர் காலி கேசட்ல பதிஞ்சு குடுப்பார். இன்னைக்குப் பார்த்தா பக்கா பைரசி. ஆனா யோசிச்சுப் பாருங்க, அதுவரைக்கும் எந்தப் பாட்டு எப்போ வரணும்ங்கிறதை ரேடியோக்காரர் முடிவு பண்ணினார். முதல் தடவையா ஒரு இருபது வயசுப் பையன் முடிவு பண்றான். பிளேலிஸ்ட் அங்கதான் பிறந்துச்சு.

ஆனா வீட்டுல டேப் ரெக்கார்டர் ஒண்ணுதான். இது முக்கியம்.

அந்த தீபாவளிக்கு பரண்ல இருந்து ஒரு பெட்டியை இறக்கினோம். உள்ள ஒரு 60 நிமிஷ கேசட், கவருக்குள்ள மடிச்ச தாள், அப்பா கையெழுத்து. ஏ பக்கம் ஏழு பாட்டு, எல்லாம் ராஜா. பி பக்கம் ஆறு. அதுல கடைசி ரெண்டும் அறுபதுகளோட பாட்டு, ஒண்ணு 'பாசமலர்'. அப்பாவுக்கு அதெல்லாம் அப்போ பிடிக்காதே, ஏன் எழுதினீங்கன்னு கேட்டேன்.

"தாத்தா வீட்டுல இருப்பார்ல. அவருக்கும் ரெண்டு இருந்தாத்தான் அவர் நிறுத்தச் சொல்லாம இருப்பார்."

அன்பெல்லாம் ஒண்ணும் இல்ல, ஒரு டீல். மீதி பதினொரு பாட்டையும் சத்தம் இல்லாம கேக்குறதுக்கு ரெண்டு பாட்டு வாடகை. அந்த ரெண்டு பாட்டும் இன்னைக்கு அப்பாவுக்கு மனப்பாடம். அதே கேசட் நான் சின்னப் பையனா இருந்தப்பவும் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதனால எனக்கும் மனப்பாடம்.

இதைப் பத்தியும் ஒரு ஆய்வு இருக்கு, இது எனக்கு முதல் ஆய்வை விடப் பிடிச்சது. 2013-ல கரோல் க்ரம்ஹான்சல், ஜஸ்டின் ஜுப்னிக்னு ரெண்டு பேர், கார்னெல் பல்கலைக்கழகத்துல 20 வயசு ஒட்டின 62 மாணவர்களுக்கு 1955-ல இருந்து 2009 வரைக்குமான ஹிட் பாட்டுகளைப் போட்டுக் காட்டினாங்க. அவங்க வளர்ந்த காலத்துப் பாட்டு பிடிச்சிருந்தது எதிர்பார்த்ததுதான். கூடவே எண்பதுகளோட தொடக்கத்துல ஒரு மேடு வந்துச்சு. அவங்க அப்பா அம்மா இளசா இருந்த காலம் அது. அறுபதுகள்ல இன்னொரு சின்ன மேடு, அது தாத்தா பாட்டி பக்கத்துல இருந்து வந்திருக்கலாம்னு சந்தேகப்படுறாங்க. அதாவது 23, 24 வயசுல நம்ம ரசனை உறையுதுங்கிறது பாதிக் கதை. மீதியை நமக்கு விவரம் தெரியிறதுக்கு முன்னாடியே, வீட்டுல மெஷினை யார் வச்சிருந்தாங்களோ அவங்க ஏத்திட்டாங்க.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ராஜாவோட குழுவுல கீபோர்டு வாசிச்ச ரஹ்மான் 1992-ல 'ரோஜா'வோட வந்தார், எங்க அப்பா "கம்ப்யூட்டர் சத்தம்"னார். 2011-ல 'கொலவெறி' யூடியூப்ல வந்தப்ப எனக்கு 14, அனிருத்துக்கு 21. அப்பா சொன்னதை இங்க சொல்ல முடியாது.

சண்டை எந்தத் தலைமுறையிலயும் நின்னதில்ல. ஆனா என்னைக் கேட்டா, சண்டை இருந்ததே அடுத்தவர் பாட்டும் நம்ம காதுல விழுந்துக்கிட்டு இருந்ததாலதான். சிலோன் ரேடியோவைத் திட்டின பூட்டனாரும் அதைக் கேட்டுக்கிட்டேதான் திட்டினார். ஆளுக்கொரு இயர்போன் வந்ததும் எங்க வீட்டுல பாட்டுச் சண்டை முடிஞ்சு போச்சு. என் அக்கா பையனுக்கு ஆறு வயசு. டேப்லெட்டும் ஹெட்போனுமா இருக்கான். ராஜா பாட்டு ஒண்ணு பாடுறான்னு வச்சுக்கோங்க, அது ரீல்ஸ்ல வந்த 15 செகண்ட். அவனுக்கும் அந்த எண்பதுகள் மேடு வருமா? எனக்கு சந்தேகம்தான்.

பொங்கலுக்கு மறுபடி ஊருக்குப் போறோம். அப்பாகிட்ட சொல்லிட்டேன், ஒன்பது மணி நேரத்துல பாதி உங்களுது, அக்கா பையனும் வர்றான், இயர்போன் கிடையாது, பாட்டு லிஸ்டை எழுதி வாட்ஸ்அப் பண்ணுங்கன்னு. "பார்க்கலாம்"னார்.

இன்னும் அனுப்பல.