பவளப்பாறைகள்

பவள உயிரிகள் தலைமுறை தலைமுறையாகச் சுரந்துவிட்டுப் போகும் சுண்ணாம்புக் கூடுகளால் கடலடியில் எழும் திட்டே பவளப்பாறை. மேலே தோல் கனத்துக்குத்தான் உயிர். அடியில் உள்ளதெல்லாம் இறந்தவற்றின் கூடு. ஈழத்தில் இதை முருகைக்கல் என்பார்கள். மன்னார் வளைகுடா மீனவர்களுக்கு இது 'பார்'. நவமணிகளில் சேரும் செம்பவளம் வேறு. மத்தியதரைக் கடலில் கிடைக்கும் அந்த இனம் இப்படித் திட்டு எழுப்புவதில்லை.

பவளம் கல்லுமல்ல, செடியுமல்ல; கடற்சாமந்திக்கு உறவான குழியுடலி விலங்கு. அதன் ஓர் உயிரியைப் பாலிப் என்கிறோம். பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் அளவே. நீரில் மிதந்து வரும் பவளக்குஞ்சு கெட்டியான தரை கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும். புரளும் மணலில் நிலைக்காது. ஒட்டியதும் கடல்நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொண்டு தன் அடியில் ஒரு கிண்ணம் கட்டுகிறது. மொட்டுவிட்டுப் பெருகி, பழைய கிண்ணத்தை மூடிவிட்டு மேலே ஏறுகிறது. கிளைப் பவளம் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் வரை வளரலாம். உருண்டைப் பவளத்துக்கு ஒரு சென்டிமீட்டரே பெரிது.

இவ்வளவு வேலைக்கு உணவு? பாலிப்பின் திசுவுக்குள்ளேயே குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் சமைத்துத் தருகிறது. இளஞ்சூடும் தெளிவும் உள்ள ஆழமற்ற கடலிலேயே பவளத்திட்டுகள் செழிப்பதற்கு இந்தக் குடித்தனமே காரணம். நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறும், பவளம் வெளுத்துவிடும். வெளுத்த உடனே சாவதில்லை, ஆனால் சூடு நீடித்தால் பட்டினியால் மடியும்.

கூடுகள் குவிந்தால் மட்டும் பாறையாகிவிடாது. கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து அரைத்து மணலாகக் கழிக்கின்றன. அந்த மணல் இடுக்குகளை நிரப்ப, சுண்ணாம்புப் பாசிகள் பூசி இறுக்குகின்றன. கொத்தனார் வேலையில் பாதி இவற்றுடையது.

கரையை ஒட்டிய திட்டு, கரையிலிருந்து விலகிய தடுப்புத்திட்டு, நடுவே காயல் கொண்ட வளையத்திட்டு என்று மூன்றாகப் பிரித்து, மூன்றும் ஒரே கதையின் படிகள் என்றார் சார்லஸ் டார்வின் (1842). எரிமலைத் தீவு மெல்ல அமிழ, பவளம் வெளிச்சத்தை விடாமல் மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே வருகிறது. தீவு மறைந்தபின் வளையம் மட்டும் எஞ்சுகிறது. 1952இல் பசிபிக்கின் எனிவெட்டோக்கில் துளையிட்டபோது 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. கணிப்பு சரிதான்.

தமிழகத்தில் ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் உள்ளன. 1986இல் இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1998, 2010, 2016 ஆண்டுகளின் வெப்பத்தில் இங்கும் பவளங்கள் வெளுத்தன. அதற்கு முன்பே சுண்ணாம்புக் காளவாய்களுக்காகப் பல்லாண்டுகள் பவளக்கல் வெட்டி எடுத்தார்கள். கல் போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவும் தூத்துக்குடிப் பக்கத்தில் இன்னொன்றும் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன.