காற்று ஏறிய பெயர்

தென்கிழக்குப் பிரான்சில், வொக்லூஸ் மாவட்டத்தில், பெத்வான் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து டி 974 என்னும் சாலை திராட்சைத் தோட்டங்களையும் செர்ரி மரங்களையும் ஊடறுத்து மேலேறுகிறது. ஓரத்தில் கிலோமீட்டர் கற்கள்: உடல் வெள்ளை, தலை மஞ்சள். உச்சிக்கு இன்னும் எவ்வளவு தொலைவு, அடுத்த கிலோமீட்டரில் ஏற்றம் எத்தனை விழுக்காடு என்று மிதிப்பவருக்குச் சொல்லிக்கொண்டே வரும் கற்கள் அவை. மொத்தம் 21 கிலோமீட்டர். அதற்குள் ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,600 மீட்டர். சேந்த் எஸ்தேவ் வளைவு வரை சாலை நல்ல பிள்ளைபோல வரும். வளைவு திரும்பிக் காட்டுக்குள் நுழைந்ததும் ஒன்பது, பத்து விழுக்காடு என்று கற்கள் பேச்சை மாற்றிவிடும். மூச்சு வாங்குகிற மிதிவண்டிக்காரர் கல்லில் எண்ணைத்தான் பார்ப்பார். நமக்கு வேண்டியது அந்த எண்ணுக்குரிய மலையின் பெயர்: மோன் வான்தூ. (நான் இதை மிதித்து ஏறியவன் அல்லன், அகராதிகளின் வழியே ஏறியவன். அதிலும் மூச்சு வாங்கத்தான் செய்கிறது.)

'வான்தூ' பிரெஞ்சில் எழுதினால் ஏழெழுத்து, ஒலித்தால் ஈரசை. முதலசையின் னகரம் நாக்கைத் தொடாமல் மூக்கிலேயே கரைந்துவிடும்; கடைசி எக்ஸ் வாயே திறப்பதில்லை. மூக்கில் கரையும் அந்த 'வான்' பிரெஞ்சுக்காரர் செவியில் உடனே 'காற்று' என்று விழுகிறது. அவர்கள் மொழியில் காற்றுக்குப் பெயரே அதுதான். இலத்தீனில் அது 'வெந்துஸ்'. நிறைவைக் காட்டும் 'ஓசுஸ்' என்ற விகுதி சேர்ந்தால் 'வெந்தோசுஸ்', காற்று மிக்கது. 1336 ஏப்ரல் 26 அன்று வடபுறத்து மலோசென் ஊரிலிருந்து தம்பியோடு இந்த மலையேறிய இத்தாலியக் கவி பெத்ரார்க்காவும் தம் இலத்தீன் மடலில் இப்பெயரையே எழுதி, அது பொருத்தமான பெயர்தான் என்று ஒப்புதலும் தந்துவிட்டார். மரமற்ற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை உச்சி, ஏறத்தாழ 1,910 மீட்டர் உயரம், சுற்றிலும் தடுக்க வேறு மலையில்லை. கண்ணுக்கும் காதுக்கும் ஒருங்கே பொருந்திய இந்தப் பொருளை யார் ஐயுறுவார்?

ஓர் எழுத்து ஐயுறுகிறது. அடிவாரத்து மக்களின் பழைய மொழி பிரெஞ்சு அன்று, புரோவான்சால். அதில் இந்த மலை 'வெந்தூர்'. 'வெந்தோசுஸ்' என்ற சொல்லை எப்படித் தேய்த்தாலும் ஈற்றில் ரகரம் முளைக்காது. மாறாக, ஈற்று ரகரம் நாளடைவில் தேய்ந்து ஒலியிழப்பது பல மொழிகளுக்கும் எளிது. அப்படியானால் ரகரமுள்ள வடிவம்தான் மூத்தது. காற்று பின்னால் வந்து ஏறிக்கொண்டது.

இதற்குக் கல்லே சான்று சொல்கிறது. மலைக்கு வடமேற்கே மிராபெல் ஊரில் கிடைத்த உரோமர் காலக் கல்வெட்டொன்றில் 'விந்தூரி' என்ற சொல் இருக்கிறது. அது இலத்தீனின் கொடைப்பொருள் வேற்றுமை, நம் கணக்கில் நான்காம் வேற்றுமை. உருபைக் கழற்றினால் 'விந்தூர்' நிற்கும். உருபோடு படித்தால் 'விந்தூருக்கு'. நேர்த்திக்கடன் செலுத்திய ஒருவர் தம் தெய்வத்தின் பெயரைக் கு உருபோடு பொறித்துவிட்டுப் போயிருக்கிறார். மலைக்குக் காற்றின் பெயர் வருமுன் அங்கே ஒரு தெய்வத்தின் பெயர் இருந்திருக்கிறது; தெய்வத்தின் பெயரே மலையின் பெயராகவும் இருந்திருக்கலாம். அதற்கும் அடியில், உயரத்தைச் சுட்டும், இலத்தீனுக்கும் முந்திய ஒரு வேர் கிடக்கிறது என்பது அறிஞர் சிலர் துணிபு.

இந்த இடத்தில் நம்மவர் சிலருக்குக் கை துறுதுறுக்கும் என்று தெரியும். வெந்தூர், வெந்த ஊர். உச்சிப் பாறைகளும் சுட்ட சுண்ணாம்பாக வெளுத்துக் கிடக்கின்றனவே! பாருங்கள், எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது, எவ்வளவு முழுமையாகத் தவறு. பிரெஞ்சுச் செவி 'வான்' என்ற ஒலியில் காற்றைக் கேட்டதும் இதே மயக்கத்தால்தான். பொருள் மறந்துபோன பெயரை மக்கள் வெறுமனே வைத்திருப்பதில்லை. தெரிந்த சொல் ஒன்றை அதன்மேல் போர்த்திவிடுவார்கள். மரைமான் திரிந்த மரைக்காடு மறைக்காடாகி, அங்கிருந்து வேதாரணியமாக மொழிபெயர்ந்தது என்று நம் ஆய்வாளர் காட்டுவதும் இவ்வகைதான்.

இன்னும் சுவையான செய்தி தெற்கே இருக்கிறது. ஓவியர் செசான் திரும்பத் திரும்பத் தீட்டிய மலையொன்று ஏக்ஸ் நகரருகே நிற்கிறது: சேந்த் விக்துவார், அதாவது புனித வெற்றி. கி.மு. 102இல் உரோமத் தளபதி மாரியுஸ் அந்த வட்டாரத்தில் பெற்ற வெற்றியோடு இப்பெயரை முடிச்சுப்போடும் கதை பெரிதும் பரவியது. ஆனால் ஊர்மக்கள் வாயில் அது 'வெந்தூரி'. அதே வேர், அதே ரகரம். ஒரே பெயர் ஓரிடத்தில் காற்றாகவும் இன்னோரிடத்தில் வெற்றியாகவும் வேடம் கட்டிக்கொண்டது. அடியில் இருந்ததோ இரண்டுமல்ல.

காற்றை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. வடக்கிலிருந்து ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே பாய்ந்துவரும் காற்றுக்கு 'மிஸ்த்ரால்' என்று பெயர். 'மகிஸ்தர்', தலைவன், என்பதன் வழிவந்த சொல். நாம் திசையறிந்து பெயரிட்டோம்: வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். அவர்கள் அதிகாரம் அறிந்து பெயரிட்டார்கள். புரோவான்சால் மொழியின் பேரகராதியைத் தொகுத்து, 1904இல் நோபல் பரிசில் பாதியைப் பெற்ற கவிஞரின் குடும்பப் பெயரும் மிஸ்த்ரால்தான் என்பதைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு கணவாய் உண்டு: 'கொல் தே தாம்பெத்', புயல்களின் கணவாய். 'கொல்' என்றால் கழுத்து. இரு முகடுகளுக்கிடையே மலை ஒடுங்கித் தாழும் இடம் என்பதால் அப்படி. நாம் மலைக்கு அடி வைத்தோம், முடி வைத்தோம், கழுத்து வைக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் தமிழ்ச் செவியில் என்னவாக விழுகிறது என்பதை, அங்கே எதிர்காற்றில் மிதித்துக்கொண்டிருப்பவரிடம் சொன்னால் அவர் மறுக்கமாட்டார்.

பெத்வான், மலோசென், சோ ஆகிய மூன்று ஊர்களிலிருந்தும் ஒரே நாளில் மூன்று முறை ஏறி முடிப்பவர்களுக்கு 1988 முதல் ஒரு மன்றம் இருக்கிறது. அதன் உறுப்பினர் 'சேங்க்லே'. கொச்சையில் கிறுக்கர் என்று பொருள். நேர்ப்பொருளோ சாட்டையடி பட்டவர். முகத்தில் காற்று சுளீரென அறைவதற்கும் பிரெஞ்சில் இதே வினைதான். தெரிந்தே வைத்தார்களோ, வாய்த்துவிட்டதோ, நல்ல சொல்.

துர் தெ பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயம் இந்த மலைக்கு முதன்முதலில் வந்தது 1951இல். 1957இல் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரொலான் பார்த் தம் 'மித்தொலொழி' நூலில் அப்பந்தயத்தை ஒரு காப்பியமாகப் படித்தபோது, வான்தூவைப் பலி கேட்கும் தீய தெய்வமென்று கண்டார். விந்தூரை நினைத்துத்தான் எழுதினாரா என்பது வேறு. பெயரிலிருந்து நழுவிய தெய்வம் பந்தயத்தின் வழியே திரும்பி வந்தது என்பதே நமக்கு வியப்பு. பத்தாண்டு கழித்து, 1967 ஜூலை 13 அன்று, கொடும் வெயிலில், உச்சிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் அளவில் இருக்கும்போது ஆங்கிலேய வீரர் டாம் சிம்ப்சன் சாய்ந்தார், பிழைக்கவில்லை. ஊக்கமருந்தும் வெயிலும் சேர்ந்து கொன்றன. காற்றுக்கு அதில் பங்கில்லை. காற்று தன் பெயரைக் காட்டியது 2016 ஜூலை 14 அன்று: மேலே அடித்த காற்றுக்கு அஞ்சி, பந்தயத்தின் முடிவுக் கோட்டை ஆறு கிலோமீட்டர் கீழே, ஷலே ரெனார் என்னும் இடத்துக்கு இறக்கிவிட்டார்கள்.

மிதிவண்டிக்காரர்கள் பேச்சில் 'மோன்', அதாவது மலை, உதிர்ந்துவிட்டது. 'லெ வான்தூ' என்பார்கள், ஓர் ஆளைச் சொல்வதுபோல. சிம்ப்சன் விழுந்த இடத்தில் நினைவுக்கல் நிற்கிறது. ஏறி வருகிறவர்கள் வண்டியைச் சாய்த்துவிட்டு, குளம்புபோல் ஒலிக்கும் மிதிவண்டிக் காலணியோடு படியேறி, தண்ணீர்க் குப்பியையோ துணித்தொப்பியையோ அங்கே வைக்கிறார்கள். தொப்பியாக இருந்தால் அதன்மேல் ஒரு வெள்ளைக் கல்லையும் எடுத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் நிற்காது.