லிஸ்பன் நகரம் எவர் பாவத்தால் அழிந்தது?

1755ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள், சனிக்கிழமை. கத்தோலிக்கர்களுக்கு அது சகல புனிதர் திருநாள். போர்ச்சுகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் கோயில்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. பீடங்களில் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. காலை ஒன்பதரை மணி கடந்து சில நிமிடங்களே ஆகியிருக்கும். தரை நடுங்கத் தொடங்கியது. சிறிது ஓய்ந்து, மீண்டும் முன்னிலும் வலுவாகக் குலுங்கியது. கற்கூரைகள் வழிபாட்டில் இருந்தோர் தலைமேல் சரிந்தன.

தப்பியவர்கள் இடிபாடுகளுக்கு அஞ்சித் தேகு ஆற்றங்கரையின் திறந்த வெளிக்கு ஓடினர். ஏறத்தாழ 40 நிமிடங்களுக்குப் பின் கடலிலிருந்து பேரலை எழுந்து, ஆற்று முகத்துவாரத்தின் வழியே புகுந்து அவர்களையும் வாரிக்கொண்டது. கவிழ்ந்த மெழுகுவத்திகளாலும் சமையல் அடுப்புகளாலும் மூண்ட தீ ஐந்தாறு நாட்கள் எரிந்தது. அரண்மனையும், அதிலிருந்த பெரும் நூலகமும், திறந்து ஓராண்டுகூட ஆகாத இசை நாடக அரங்கும் அழிந்தன. இறந்தோர் தொகையை 10,000 முதல் 60,000 வரை பலர் பலவாறு மதிப்பிட்டுள்ளனர்.

அந்த நகரம் பக்திக்குப் பெயர்பெற்றது. அழிந்ததோ திருநாளில், வழிபாட்டு வேளையில். ஏன்? ஐரோப்பா முழுவதும் இக்கேள்வி எழுந்தது. அதற்குக் கிடைத்த விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றும் பயனுடையது.

யார் செய்த பாவம்?

இங்கிலாந்தில் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஜான் வெஸ்லி 1755லேயே ஒரு சிறுநூல் வெளியிட்டார். சமயக் கருத்து வேறுபாட்டுக்காக மக்களை வதைத்த மதவிசாரணை மன்றம் லிஸ்பனில் இருந்ததல்லவா? அங்குச் சிந்திய குருதிக்கு இறைவன் கணக்குத் தீர்த்தான் என்பது அவர் கருத்து. அரசர் இரண்டாம் ஜார்ஜின் ஆணைப்படி 1756 பிப்ரவரி 6ஆம் நாள் இங்கிலாந்து முழுவதும் நோன்பு நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. கத்தோலிக்கர் சிலரோ இதற்கு நேர்மாறாகப் பேசினர். சீர்திருத்தச் சபை வணிகர்களை நகரில் தங்கவிட்டதுதான் பாவம் என்றனர் அவர்கள்.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், அதே நவம்பர் 18ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரமும் அதிர்ந்தது. அங்கிருந்த தாமஸ் பிரின்ஸ் என்ற பாதிரியார், பெஞ்சமின் பிராங்க்ளின் கண்டுபிடித்த இடிதாங்கிகள்மீது ஐயம் கொண்டார். வானத்து மின்சாரத்தை அவை தரைக்குள் இழுப்பதால்தான் பாஸ்டன் மிகுதியாக ஆடியதோ என்று எழுதினார். இறைவனின் கையிலிருந்து தப்ப வழியில்லை என்பது அவர் முடிவு. ஹார்வர்டு கல்லூரிப் பேராசிரியர் ஜான் வின்த்ரோப் இதை மறுத்தார். தம் வீட்டுக் கணப்படுப்பின் செங்கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பித் தணிந்ததைக் கண்ணால் கண்ட அவர், நிலம் அலைபோல் அசைந்தது என்று விளக்கினார்.

இவ்விடைகளுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. ஒவ்வொருவரும் கண்ட பாவம், தமக்கு முன்பே பிடிக்காதவர்கள் செய்த பாவமாகவே இருந்தது. நிலநடுக்கத்தைப் பற்றி எவரும் புதிதாக எதையும் அறிய வேண்டியிருக்கவில்லை.

உண்மை நிகழ்ச்சிகளோ இந்த விளக்கங்களுக்கு அடங்கவில்லை. மதவிசாரணை மன்றத்தின் மாளிகை இடிந்தது மெய்தான். ஆனால் நோயாளிகள் நிறைந்த சகல புனிதர் மருத்துவமனையும் எரிந்தது. கடலுக்கு அப்பால், முசுலிம்கள் வாழும் மொரோக்கோவின் கரையோர ஊர்களும் சேதமுற்றன. விலைமாதர் வாழ்ந்த தெருக்கள் பெரும்பாலும் தப்பின என்பது அந்நாளில் பலரும் பேசிய செய்தி. குன்றின் சரிவில் அமைந்த அல்பாமா பகுதி, கீழ் நகரத்தைவிடக் குறைவாகவே பாதிக்கப்பட்டது. கீழ் நகரமான பைசா, ஆற்று வண்டல்மீது கட்டப்பட்டது. நிலநடுக்க அலைகள் கெட்டித் தரையைவிட இளகிய வண்டலில் மிகுதியாகப் பெருகும் என்பது இன்று நன்கு அறிந்த உண்மை. எந்த வீடு விழும் என்பதை அதில் வாழ்வோரின் ஒழுக்கம் முடிவு செய்வதில்லை. கீழே உள்ள மண்ணும், மேலே உள்ள கட்டுமானமும் முடிவு செய்கின்றன.

மலகிரிதாவின் சிறுநூல்

லிஸ்பனிலேயே இவ்வாதம் உயிரைப் பறிக்கும் வாதமாயிற்று. அரசர் முதலாம் ஜோசேயின் அமைச்சர் கர்வாலோ, பின்னாளில் பொம்பல் பிரபு எனப் பெயர் பெற்றவர், மீட்பு வேலையில் இறங்கினார். கொள்ளை நோய் பரவாமலிருக்க, திருச்சபைத் தலைவரின் இசைவு பெற்று, பிணங்களைப் படகுகளில் ஏற்றிக் கடலில் விடச் செய்தார். உணவுப் பொருள்களின் விலை ஏறாமல் தடுத்தார். கொள்ளையரைத் தூக்கிலிட்டார்.

அவ்வேளையில், பிரேசில் நாட்டில் நெடுங்காலம் தொண்டாற்றிய இயேசு சபைத் துறவி கபிரியேல் மலகிரிதா, 1756இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். நில ஆவிகளோ விண்மீன்களோ இயற்கைக் காரணங்களோ அல்ல, நம் பாவங்களே நகரை அழித்தன என்று அதில் எழுதினார். இயற்கைக் காரணம் கூறுவோர் மக்களை மனந்திரும்பவிடாமல் தடுக்கிறார்கள் என்றும் கண்டித்தார். கூரையின்றிக் கூடாரங்களில் குளிரில் கிடந்த மக்களுக்கு அப்போது வேண்டியிருந்தவை மரமும், சுண்ணாம்பும், வேலை செய்யும் கைகளும். தவமும் தியானமுமே முதற்கடமை என்ற போதனை அக்கைகளைத் தளரச் செய்யும் என அமைச்சர் அஞ்சினார். மலகிரிதா லிஸ்பனிலிருந்து அகற்றப்பட்டார்.

அதன்பின் நடந்தது அறிவியலின் வெற்றியன்று. 1758இல் அரசரைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. அதைக் காரணமாகக் காட்டி இயேசு சபையினர் 1759இல் நாடு கடத்தப்பட்டனர். சிறையிலேயே மனம் பேதலித்ததாகக் கருதப்படும் முதியவர் மலகிரிதா, அமைச்சரின் தம்பியே தலைமை தாங்கிய மதவிசாரணை மன்றத்தால் குற்றவாளி என முடிவு செய்யப்பட்டார். 1761 செப்டம்பர் 21ஆம் நாள் கழுத்து நெரிக்கப்பட்டு, உடல் எரிக்கப்பட்டது. தவறான கருத்தைத் தீயால் அழிக்க முடியாது. அவர் கருத்துக்கு உரிய மறுமொழி வேறொரு வழியில் வந்துகொண்டிருந்தது.

குருமார்களுக்கு வந்த வினாத்தாள்

நிலநடுக்கம் நடந்து சில மாதங்களுக்குள், நாட்டின் பங்குகள்தோறும் ஒரு வினாத்தாள் அனுப்பப்பட்டது. நடுக்கம் எத்தனை மணிக்குத் தொடங்கி எவ்வளவு நேரம் நீடித்தது? ஒரு திசையில் மிகுதியாக உணரப்பட்டதா? கட்டடங்கள் எந்தப் பக்கமாகச் சாய்ந்தன? எத்தனை பேர் இறந்தனர்? ஊற்றுகளிலும் கிணறுகளிலும் என்ன மாறுதல் தோன்றியது? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? வழக்கத்துக்கு மேல் எத்தனை சாண் உயர்ந்தது? நிலம் எங்கேனும் பிளந்ததா?

இவற்றுக்கு விடை எழுதியவர்கள் யார் தெரியுமா? ஊர்தோறும் இருந்த பங்குக் குருமார்களே! எழுத்தறிவு பெற்றவர்கள் அவர்கள்தாமே. பாவம் பற்றி மறையுரை ஆற்றிய அதே கைகள், சுவர் விழுந்த திசையையும் நீர் உயர்ந்த அளவையும் குறித்து அனுப்பின. அவ்விடைகள் இன்றும் லிஸ்பனின் அரசு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றைக் கொண்டுதான் இன்றைய அறிஞர்கள் அந்நடுக்கத்தின் வலுவை 8.5க்கும் 9க்கும் இடைப்பட்டது எனக் கணிக்கின்றனர்.

1760இல் இங்கிலாந்தின் ஜான் மிச்செல், பல இடங்களில் நடுக்கம் உணரப்பட்ட நேரங்களை ஒப்பிட்டு, அதிர்ச்சி நிலத்தில் அலையாகப் பரவுகிறது என்றும், நேரக் கணக்கிலிருந்து அது தோன்றிய இடத்தைக் காணலாம் என்றும் எழுதினார். மிச்செலும் ஒரு கிறித்தவக் குருவே. ஆகவே இது சமயத்துக்கும் அறிவியலுக்கும் நடந்த போர் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. இரண்டு வகைக் கேள்விகளுக்கு இடையே நடந்த போட்டி என்பதே பொருந்தும்.

ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட், நிலத்தடிக் குகைகளில் வாயுக்கள் பற்றி எரிவதால் நடுக்கம் தோன்றுகிறது என 1756இல் எழுதினார். அது தவறு. ஆனால் சோதித்துப் பார்த்துக் கைவிடக்கூடிய தவறு. ஆப்பிரிக்கத் தட்டும் ஐரோப்பாவைத் தாங்கும் தட்டும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் ஒன்றையொன்று நெருங்குகின்றன. அதனால் பாறைகளில் சேரும் இறுக்கம் திடீரென விடுபடும்போது நிலம் அதிர்கிறது என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. பாவ விளக்கத்தை இவ்வாறு திருத்திக்கொண்டே செல்ல வழியில்லை.

திருநெல்வேலியில் ஒரு சொற்பொழிவு

பழங்கால ஐரோப்பாவின் கதைதானே என்று நாம் இருந்துவிடலாகாது. 1934 ஜனவரி 15ஆம் நாள் பிற்பகல் பீகாரும் நேபாளமும் பெரும் நிலநடுக்கத்தால் சிதைந்தன. பதினாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். அப்போது தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், ஜனவரி 24ஆம் நாள் திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனையே இது என்றார்.

அவர் எதிர்த்த கொடுமை உண்மையானது. அவர் நோக்கமும் உயர்ந்தது. எனினும் கவி இரவீந்திரநாத் தாகூர் அமைதியாக இருக்கவில்லை. இயற்கை நிகழ்ச்சிகளுக்கு இயற்கையான காரணங்களே உண்டு என்று அவர் கண்டித்து எழுதினார். மற்றோர் எச்சரிக்கையும் செய்தார்: இத்தகைய வாதம் காந்தியடிகளைவிட அவருடைய எதிரிகளுக்கே நன்கு பயன்படும், தெய்வச் சீற்றத்துக்குக் காரணம் காந்தியும் அவரைப் பின்பற்றுவோருமே என்று அவர்களும் சொல்லலாம் அல்லவா? காந்தியடிகள் தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும் அம்மறுப்பைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே 1934 பிப்ரவரியில் வெளியிட்டார்.

பீகாரில் இறந்தோருள் தீண்டாமைக்கு ஆளான ஏழைகளும் இருந்தனர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை ஊர் ஊராக ஆராய்ந்து 1939இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. வட பீகாரில், நீர் ஊறிய மணல் குழம்பாகி, கட்டடங்கள் சாய்ந்தும் புதைந்தும் போன நீண்ட நிலப்பகுதி ஒன்றை அது வரைந்து காட்டியது. எங்கே, எப்படி வீடு கட்டுவது என்பதற்கு அவ்வரைபடம் துணை செய்யும்.

கேள்வி மாறியதன் பயன்

மீண்டும் எழுந்த லிஸ்பனில் தெருக்கள் அகலமாக அமைக்கப்பட்டன. சுவர்களுக்குள் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்களைப் பிணைத்துக் கூண்டுபோல் அமைக்கும் முறை கையாளப்பட்டது. குலுங்கினாலும் உடனே சரியாத கட்டடங்கள் இவை. அத்தகைய வீடுகளில் பல இன்றும் அங்கே நிற்கின்றன.

பேரிடர் நேரும்போது, துயருற்ற உள்ளம் “எங்களுக்கு ஏன் இப்படி?” என்று கேட்பது இயல்பு. ஆறுதல் தேடி வழிபடுவோரைப் பழிக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் “யார் செய்த பாவம்?” என்று ஒருவர் மேடையேறிக் கேட்டால், விரல் நீளுவது பெரும்பாலும் எளியவர் பக்கமோ, மாற்றார் பக்கமோதான். “சுவர் எந்தப் பக்கம் விழுந்தது? கடல் முதலில் இறங்கியதா?” என்ற கேள்விகள் எவரையும் குற்றம் சாட்டுவதில்லை. கடல் திடீரென உள்வாங்கினால் மேட்டு நிலத்துக்கு ஓடுங்கள் என்று இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கிறோம். அது அன்று போர்ச்சுகல் நாட்டுக் குருமார்களிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியோடு தொடர்புடைய பாடமே.