கிண்டியில் படித்த லலிதாவும் லண்டன் சங்கங்களும்

நம்ம பதிவர்களில் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள் கணிசமா இருக்கீங்க. அந்தக் கல்லூரிக்குள் மாணவியாக முதலில் நுழைந்தவர் யார்னு கேட்டா எத்தனை பேர் கை தூக்குவீங்க?

பேரு அய்யலசோமயாஜுல லலிதா. "இந்தியாவின் முதல் பெண் இன்ஜினியர்களில் ஒருவர்" என்று அவ்வப்போது துணுக்குச் செய்தி வரும். பட்டச் சான்றிதழில் 'ஹி' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு 'ஷி' என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள் என்பதோடு துணுக்கு முடிந்துவிடும். அதற்கப்புறம் அந்தம்மா முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்ததைப் பற்றி மூச்சே இருக்காது. அந்த மிச்சக் கதைக்காகத்தான் இந்தப் பதிவு.

1919 ஆகஸ்ட் 27-ல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் ஐந்தாவது. அப்பா பப்பு சுப்பா ராவ் கிண்டிக் கல்லூரியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். படித்த குடும்பம்தான். ஆனாலும் கால வழக்கப்படி 15 வயசில் கல்யாணம். 1937-ல் மகள் பிறந்து நாலாவது மாசம் கணவர் இறந்துபோனார். பதினெட்டு வயசு, கைக்குழந்தை, விதவைக் கோலம். அந்தக் காலத்தில் இதுக்கு மேல் ஒரு பெண்ணின் கதையில் எழுத ஒண்ணும் இருக்காது.

லலிதா ராணி மேரிக் கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்ந்து முதல் வகுப்பில் தேறினார். அடுத்து என்ன? டாக்டருக்குப் படித்தால் நடுராத்திரியிலும் ஓட வேண்டியிருக்கும், குழந்தையை யார் பார்ப்பது? காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்பும் வேலை வேண்டும். அதனால் இன்ஜினியரிங்! ("பொம்பளைப் புள்ளைக்கு அதெல்லாம் சரிப்படாது" என்று இன்னமும் சொல்லும் மாமாக்கள் கவனிக்கவும். :-))

அப்பா கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் பேசினார். இடம் கிடைத்தது. நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண். யாரும் தொல்லை கொடுத்ததில்லை, ஆனால் விடுதியில் தனிமை. இதைப் பார்த்த அப்பா இன்னும் பெண்களைச் சேர்க்க முயற்சி எடுத்தார். அடுத்த வருஷமே லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி வருகிறேன்.

1943-ல் பட்டம். ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஒரு வருஷப் பயிற்சி. பிறகு சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் வேலை. அங்கிருந்தபடியே லண்டன் மின்பொறியாளர் கழகத்தின் தேர்வையும் எழுதித் தேறினார். கொஞ்ச காலம் அப்பாவின் ஆராய்ச்சிகளுக்கு உதவிவிட்டு, 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியில் சேர்ந்தார். மின்கடத்திப் பாதைகள், துணைமின் நிலைய வரைபடங்கள், பாதுகாப்புக் கருவிகள், இதெல்லாம்தான் அவர் வேலை. பக்ரா நங்கல் அணைக்கான மின்சாதனப் பணியிலும் அவர் பங்கு உண்டு.

பாதுகாப்புக் கருவி என்றால் என்னன்னு மின்துறை அல்லாதவர்களுக்கு: எங்கேயோ ஒரு லைன் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ அந்தத் துண்டை மட்டும் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிட்டு மற்ற ஊருக்கெல்லாம் கரண்டு போகாமல் காப்பது. ஒழுங்கா வேலை செய்தால் அப்படி ஒண்ணு இருப்பதே யாருக்கும் தெரியாது. இதைச் செய்பவர்களின் பேரும் அப்படித்தான்.

இனி சங்கக் கதை. 1953-ல் லண்டன் மின்பொறியாளர் கழகம் அவரை இணை உறுப்பினராக்கியது. 1966-ல் முழு உறுப்பினர். இது தொழிலுக்குக் கிடைத்த மரியாதை. அதைவிட எனக்குப் பெரிசாப் படுவது இன்னொன்று.

1964 ஜூனில் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு நடந்தது. 35 நாடுகளிலிருந்து வந்திருந்தார்கள். இந்தியாவில் பெண் பொறியாளர்களுக்கென்று ஒரு கிளைகூடக் கிடையாது. அதனால் லலிதா தனி ஆளாகத்தான் போனார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாடி என்றால் புருஷனோடு சேர்த்துத் தன்னையும் கொளுத்தியிருப்பார்கள் என்று அங்கே ஒரு பேட்டியில் சொன்னாராம். படித்தபோது ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறு வருஷம் லண்டன் பெண்கள் பொறியியல் சங்கத்தில் முழு உறுப்பினரானார். முதல் உலகப்போரில் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்களை, போர் முடிந்ததும் "போதும், வீட்டுக்குப் போங்க" என்று அனுப்ப ஆரம்பித்தபோது அதை எதிர்த்து 1919 ஜூனில் பிறந்த சங்கம் அது. லலிதாவை விட ரெண்டு மாசம்தான் மூப்பு!

இரண்டாவது மாநாடு 1967 ஜூலையில் கேம்பிரிட்ஜில். இந்த முறை இந்தியாவில் அந்தச் சங்கத்தின் பிரதிநிதி லலிதாதான். ஆபீஸ் வேலை ஒரு பக்கம், மகளை வளர்த்து ஆளாக்கிய பொறுப்பு ஒரு பக்கம். இதற்கு நடுவில் இந்தியாவிலிருந்து ஐந்து பெண் பொறியாளர்கள் அந்த மாநாட்டுக்குப் போக ஏற்பாடு செய்தார்.

இப்போ அந்த விடுதிக்கு வருவோம். மகள் தனியா இருக்கிறாளேன்னு அப்பா இரண்டு பேரைக் கொண்டு வந்து சேர்த்தார். நியூயார்க்குக்குத் தனியாகப் போன மகள், மூணு வருஷம் கழித்து ஐந்து பேரை அனுப்பி வைத்தார். முதல் ஆளாக இருப்பதில் பெருமை இருக்கலாம், ஆனால் பின்னாடி யாரும் வராவிட்டால் அது வெறும் பொது அறிவுக் கேள்விக்கான விடைதான். இது அந்தம்மாவுக்கு நல்லாப் புரிந்திருந்தது என்பது என் எண்ணம்.

1977-ல் ஓய்வு பெற்றார். இரண்டே வருஷத்தில், 60 வயசில், 1979-ல் காலமானார்.

உங்க குடும்பத்திலோ தெருவிலோ அந்தத் தலைமுறைப் பெண் இன்ஜினியர் யாராவது இருந்திருந்தால், அவங்க என்ன வேலை செஞ்சாங்க, யாரைக் கைதூக்கி விட்டாங்கன்னு விசாரிச்சு ஒரு பதிவு போடுங்களேன். சான்றிதழ் துணுக்கோடு நிறுத்திடாதீங்க.